நீலக்கோட்டு டம்ளர்

அமலோற்பவம் மேடத்தைப் பற்றி மதுரையில் யாரைக் கேட்டாலும் நல்லதாகவே சொல்வார்கள். சொல்லட்டும். நான் அவரோடு ஒரே மருத்துவமனையில் வேலை பார்க்கிறவன், ஒரே கேன்டீனில் சாப்பிடுகிறவன். ஆகவே மற்றவர்கள் சொல்லத் தயங்குவதை நான் சொல்லலாம். அவர் உருவாக்கிய கிருமி இந்த மாநிலத்தில் கோடிப் பேரைக் காப்பாற்றியது. என் வார்டில் கிடந்தவர்களைக் காப்பாற்றவிடாமல் செய்ததும் அதே கிருமிதான்.

என் பெயர் பரங்கிரி. கதிர்வீச்சு மருத்துவன். புற்றுக்கட்டிகளைக் கதிரால் சுட்டுப் பொசுக்குவது என் தொழில். முன்கோபி என்று நர்சுகள் சொல்வார்கள். அதை அவர்கள் என் முகத்துக்கு நேரே சொல்வதிலிருந்தே நான் எவ்வளவு சாது என்று தெரிந்துகொள்ளலாம்.

கிருமி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். பாலைத் தயிராக்குகிற, மாவைப் புளிக்கவைக்கிற அதே குடும்பம்தான். காற்றெல்லாம் புகையாகி, சித்திரை வெயிலில் பள்ளிப்பிள்ளைகள் முகமூடியோடு திரிந்த காலத்தில் மேடம் அந்தக் குடும்பத்தில் ஒருவனைப் பிடித்து, பயிற்சி கொடுத்து, மனிதக் குடலுக்குள் குடியேற்றினார். ரேஷன் கடை மாவுப் பாக்கெட்டில் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தான். உடம்பு உள்ளுக்குள் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொண்டான். இளைப்பு குறைந்தது, மூட்டு வலி குறைந்தது, அறுபது வயதுக்காரர்கள் அழகர்மலையில் மூச்சு வாங்காமல் ஏறினார்கள். முடிச்சாயம் விற்றவர்கள் வேறு பிழைப்புக்குப் போனார்கள். அவனுக்கு விஞ்ஞானப் பெயர் ஒன்று உண்டு, யாருக்கும் வாயில் நுழையாது. சனங்கள் வைத்த பெயர் காவக்காரன்.

சில வருஷம் கழித்து என் பிரிவில் ஒரு விபரீதம் தொடங்கியது. மெஷின் சரியாக இருக்கிறது, கதிரின் அளவு சரியாக இருக்கிறது, கட்டி மட்டும் கரைய மாட்டேன் என்கிறது. நான் கேன்டீனில் மேடத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தேன்.

“மேடம், உங்க பிள்ளை என் மெஷினோட மல்லுக்கு நிக்கிறான்.”

“எந்தப் பிள்ளை?” என்றார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

“காவக்காரன்தான். அவன் உள்ள என்னதான் செய்றான்? எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க.”

“வாழைத்தண்டை நறுக்கினா உங்க வீட்டுல என்ன செய்வாங்க?”

“மோர்ல போடுவாங்க. இல்லேன்னா கறுத்துரும்.”

“காத்து பட்டா கறுக்குதுல்ல? உடம்புக்குள்ளயும் அந்தக் கூத்துதான் நடக்குது. நாம மூச்சு விடுறதே நெருப்புதான் பரங்கிரி. அதுல பொறி பறக்குது. பொறி பட்ட இடம் பழுதாகுது. காவக்காரன் குடல்ல இருந்துக்கிட்டு ஒரு சரக்கு தயாரிக்கிறான், அது ரத்தத்தோட போயி பறக்குற பொறியை எல்லாம் அணைச்சுருது.”

“நான் கதிர் அடிக்கிறதே அந்தப் பொறியைக் கிளப்பத்தான் மேடம். அது பறந்தாத்தான் கட்டி எரியும்.”

அவர் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது.

“அப்ப அவன் திருடனுக்கும் சேத்துக் காவல் நிக்கிறான்,” என்றார்.

சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மனுஷி சும்மா இருக்கிறவர் இல்லை. சீக்கிரமே ஒரு கசப்பு மருந்தோடு வந்தார். காவக்காரனை மட்டும் தேடித் தின்னும் வைரஸ் அதில் இருந்தது. ஒரு வாரம் குடித்தால் குடல் சுத்தம், கட்டி கரைகிறது. எல்லாரும் கை தட்டினோம். ஆனால் அடுத்தவர் டம்ளரில் ஒரு வாய் குடித்தால் போதும், காவக்காரன் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறான். அவன்தான் ஊர் முழுக்க இருக்கிறானே.

நோயாளிகள் தினமும் வந்து கதிர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். ஆறு வாரம் அவர்களை எப்படிக் காப்பாற்றுவது? மேடம் தலைமையில் ஒரு கமிட்டி கூடியது. ஒரே மாலையில் விதி தயாரானது. சிகிச்சை முடியும் வரை தனித் தட்டு, தனி டம்ளர். அடையாளத்துக்கு விளிம்பில் நீலக்கோடு. வெளியே டீ குடித்தாலும் நீலக்கோட்டு டம்ளரில்தான் குடிக்க வேண்டும், அவர்களே கழுவி வைக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களுக்குப் புதிதாக ஒரு பழக்கத்தைச் சொல்லித் தருவது லேசில்லை. குப்பைத்தொட்டி வைக்கச் சொல்லி மாநகராட்சி தலைகீழாக நின்று பார்த்துவிட்டது. இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரத்தில் கடைகளுக்கு வெளியே ஆணி அடித்து நீலக்கோட்டு டம்ளர்களைத் தொங்கவிட்டுவிட்டார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஜான்சிராணி வந்தார். பக்கத்துத் தாலுகாவின் தாசில்தார். நாக்கின் அடியில் கட்டி. நல்ல வேளையாக ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம். கதிரால் குணமாகிற வகை. குரல் கரகரத்திருந்தாலும் சத்தம் குறையவில்லை, அவர் வரவேற்பறையில் பேசினால் என் அறையில் கேட்கும்.

“எத்தனை நாளு டாக்டர் இந்தக் கூத்து?”

“ஆறு வாரம்மா. கசப்பு மருந்து குடிக்கணும், தினமும் வரணும். தொண்டை புண்ணாகும். ஆனா பொழைச்சுக்குவீங்க.”

“பொழைச்சாச் சரி. எங்க தாலுகாவுல பட்டா மாத்தம் கேட்டுப் பாதி ஊரு நிக்கிது, நான் செத்துப்போனா என் சமாதிக்கே மனுக் கொண்டாருவாங்க.”

சிரித்துக்கொண்டிருந்தவர் கையில் நர்ஸ் டம்ளரைக் கொடுத்து விவரம் சொன்னாள். ஜான்சிராணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேசைமேல் வைத்தார். சிரிப்பு போய்விட்டது.

“இதுல குடிக்க மாட்டேன்.”

“அம்மா, இது வெறும் டம்ளர்.”

“டாக்டர், ஓடைக்கரை விலக்குல சோலைமலைன்னு ஒரு ஆளு டீக்கடை வச்சிருக்கான். போன மாசம் ஒரு புகார் வந்துச்சு, போனேன். கடைக்கு வெளிய ஆணி, ஆணியில நீலக்கோட்டு டம்ளரு, மேல ‘மருத்துவ டம்ளர்’னு ஒரு போர்டு. காலனிக்காரங்க வந்தா அதுல ஊத்துறான். யாருக்குய்யா நோயின்னு கேட்டேன். ‘யாருக்கும் இல்லம்மா, முன்னெச்சரிக்கை’ங்கிறான். உங்க ஆஸ்பத்திரி சுற்றறிக்கையை லேமினேட் பண்ணி, ஊதுபத்தி சொருகி, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருக்கான். அதைக் காட்டுறவன்கிட்ட நான் எதைப் பறிமுதல் பண்றது?”

நான் டம்ளரை மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தேன்.

“இருபத்தஞ்சு வருச சர்வீஸ்ல எத்தனை கடையில ரெட்டை டம்ளரைப் பறிமுதல் பண்ணி ஜீப்புல போட்டிருக்கேன் தெரியுமா? நாளைக்கு நானே இதைக் கையில எடுத்தேன்னா அவன் என்ன சொல்லுவான்? ‘தாசில்தாரம்மாவே தனி டம்ளர்லதான் குடிக்குது, உனக்கு என்ன கேடு’ம்பான். சுத்துப்பட்டுல அத்தனை கடையிலயும் ஆணி அடிச்சுருவான்.”

“வெளிய எதுவுமே குடிக்காம இருந்துருங்களேன்.”

“நான் போற வேலையே வீட்டு வாசலுக்கு டாக்டர். குடுக்குற காப்பியைக் குடிக்காம எந்திரிச்சு வந்தா அதுக்கு எங்க ஊருல வேற அர்த்தம். அந்த அர்த்தத்துல அடுத்தவங்க என் வீட்டுல குடிக்காம எந்திரிச்சுப் போனதை நான் பாத்திருக்கேன். அதை நான் ஒருத்தருக்குச் செய்ய மாட்டேன்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஒரு டம்ளருக்காகச் சாகப் போறீங்களா?”

“சாக மாட்டேன்னு இப்பத்தான நீங்க சொன்னீங்க. வேற வழி பாருங்க.” கைப்பையை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார்.

மறுநாள் அவர் கணவர் தவமணி வந்தார். உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில் தொங்கியது, அதைக் கழற்றக்கூட மறந்து ஓடிவந்திருக்கிறார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நான் கெஞ்சிப் பாத்துட்டேன் சார். பேசவே விட மாட்டேங்கிறா. அவ அப்பாவுக்கு டீக்கடையில சிரட்டையில ஊத்துவாங்களாம். இவளுக்கு அப்ப அஞ்சு வயசு இருக்கும். ‘உங்களுக்கு மட்டும் ஏம்ப்பா வேற மாதிரி குடுக்குறாங்க?’ன்னு கேட்டிருக்கா. அவரு அதுக்கப்புறம் டீ குடிக்கிறதையே விட்டுட்டாரு சார். சாகுற வரைக்கும் குடிக்கல.” அவர் குரல் உடைந்தது. “அவ சொல்றது சரிதான் சார். எனக்கு அவ வேணும். ரெண்டையும் எப்படிச் சேத்துப் பிடிக்கிறதுன்னு தெரியல.”

ஒரு மாதத்துக்கு மேல் தள்ளினால் அந்தக் கட்டி என் கையில் இல்லை என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் நேராக மேடத்தின் ஆய்வகத்துக்குப் போனேன்.

“விதியை மாத்துங்க மேடம்.”

“எதுக்கு? அது அறிவியல். அதுல சாதி எங்க வந்துச்சு?” என்று அவர் என்மேல் பாய்ந்தார். “நான் நீலக்கோடு போட்டது நோயாளிக்கு. எவனோ ஒருத்தன் அதைத் திருப்பிக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

“அந்த எவனோ ஒருத்தனைப் போய்ப் பாத்துட்டு வந்து இதைச் சொல்லுங்க.”

ரோஷக்காரர். உடனே கிளம்பிவிட்டார். சாம்பிள் எடுக்கும் குச்சிகளையும் கையோடு எடுத்துக்கொண்டார். என் காரில்தான் போனோம்.

ஓடைக்கரைக்கு ரோடு பிரியும் அந்த விலக்கில் நாலைந்து புளியமரங்கள், ஒரு நிழற்குடை, சோலைமலையின் டீக்கடை. அறுபதைத் தொட்ட மனிதர், விறகு அடுப்புப் புகைக்கு நடுவில் பளிச்சென்று துண்டு கட்டி நின்றார். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “வாங்கம்மா, வாங்க சார், உக்காருங்க.” எங்களுக்குக் கடைக்குள்ளே இருந்த டம்ளரில் டீ வந்தது. பாய்லர் வெந்நீரில் முக்கி எடுத்து, சூடு பறக்க ஊற்றினார்.

அப்போது சைக்கிளில் ஒருவர் வந்தார். எதுவும் கேட்கவில்லை. ஆணியிலிருந்து நீலக்கோட்டு டம்ளரை எடுத்து நீட்டினார். சோலைமலை தூக்கிப் பிடித்து அதில் ஊற்றினார். அவர் மரத்தடியில் போய் நின்று குடித்தார், தொட்டித் தண்ணீரை அள்ளி ஒரு சுற்று அலசினார், மறுபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார். இரண்டு பேருக்கும் அதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. பல தலைமுறைப் பழக்கம் மாதிரி இருந்தது. மாதிரி என்ன, பழக்கமேதான்.

மேடம் டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் ஆணி டம்ளர்களிலும் உள்ளே இருந்த டம்ளர்களிலும் குச்சியால் தடவி எடுத்தார். சோலைமலை, “அரசாங்கச் சோதனையாம்மா?” என்று பவ்யமாகக் கேட்டார்.

முடிவு வந்த அன்று மேடம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் மேசையில் அந்தக் கடையின் முடிவு மட்டுமல்ல, மருத்துவமனையைச் சுற்றியுள்ள எல்லாக் கடைகளின் முடிவும் இருந்தது.

“கடைக்குள்ள இருக்குற டம்ளர்ல காவக்காரன் இல்லவே இல்ல பரங்கிரி. வெந்நீர்ல செத்துப்போயிர்றான். நீலக்கோட்டுலதான் அப்பிக் கெடக்குறான். வெயில்லயும் தூசியிலயும் தொங்குது, பச்சத்தண்ணியில அலசுறாங்க, ஒருத்தர் வச்சதை இன்னொருத்தர் எடுக்குறாங்க. என் விதியை ஒழுங்காக் கடைப்பிடிச்ச நோயாளிக்குத்தான் அவன் அதிகமாத் திரும்பி வந்திருக்கான். கண்டபடி குடிச்சவங்க தப்பிச்சிருக்காங்க.”

“தனியா வைக்கிறதை யாரு மேடம் நல்லாக் கழுவுறாங்க?” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கொதிதண்ணியில அவன் ஒரு நிமிஷம்கூடத் தாங்க மாட்டான். இது எனக்கு முதல் நாள்லேருந்து தெரியும். அந்தக் கமிட்டியில அத்தனை டாக்டர் இருந்தோம். எல்லா டம்ளரையும் வெந்நீர்ல போடுன்னு ஒரு வரி. ஒருத்தருக்குக்கூட ஏன் அது தோணல? தனி டம்ளர்னு மட்டும் எப்படி உடனே தோணுச்சு?”

“கைக்குப் பக்கத்துல அதுதான் இருந்துச்சு மேடம்.”

அவர் அழுதார். அமலோற்பவம் மேடம் அழுது நான் பார்த்ததில்லை, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சன்னலைப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு, “வண்டியை எடுங்க,” என்றார்.

தாலுகா அலுவலகத்தில் ஜான்சிராணி மனுக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். குரல் முன்னைவிடத் தேய்ந்திருந்தது. எங்களை உள்ளறைக்கு அழைத்துப்போனார். தவமணியும் அங்கேதான் இருந்தார், மனைவியை விட்டு நகராமல் திரிந்த நாட்கள் அவை. ஜீப் ஓட்டுகிற பூமிநாதன் வாசலில் நின்றான். மேடம் சுற்றி வளைக்கவில்லை.

“என் விதி தப்பு. அறிவியலாவும் தப்பு, மத்தபடியும் தப்பு. அதை ரத்து பண்ணிட்டேன். இனிமே நீலக்கோடு கிடையாது. எல்லாருக்கும் ஒரே டம்ளர், எல்லா டம்ளரும் வெந்நீர்ல. நோயாளி யாருன்னு கடையில யாருக்கும் தெரிய வேண்டியதில்ல.”

“சரி. வீட்டுல?” என்றார் ஜான்சிராணி. “ஒரே சட்டியில சாப்புடுறோம். நான் போற வீடுகள்ல கையால பிசைஞ்சு குடுப்பாங்க. அதுக்கு என்ன வழி? என்னை எங்கயாவது ஒதுக்கித்தான ஆகணும்?”

“உங்களை ஒதுக்க வேண்டாம். அவனை ஒதுக்குவோம். உங்ககூட உக்காந்து சாப்பிடுறவங்க, உங்களுக்குப் பரிமாறுறவங்க, அவங்களும் மருந்து குடிக்கணும். உங்க சிகிச்சை முடியிற வரைக்கும் அவங்களும் காவக்காரன் இல்லாம இருக்கணும்.”

“இந்தப் புகையில? யாரு மேடம் குடிப்பாங்க?”

மேடம் கைப்பையிலிருந்து கசப்பு மருந்துப் புட்டியை எடுத்தார். நான் “மேடம்!” என்று கத்தினேன். புகைக் காலத்தில் அடிபட்ட நுரையீரல் அவருடையது. அவருக்கு எழுபது நெருங்குகிறது. காவக்காரன் இருப்பதால்தான் மாடிப்படி ஏறுகிறார். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு மூடி ஊற்றிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“உங்களுக்கு எதுக்கு மேடம் இந்தச் சோலி?” ஜான்சிராணிக்கு வார்த்தை தடுமாறியது.

“உங்ககூட ஒரு டீ குடிக்கணும்.”

தவமணி புட்டியை வாங்கினார். பூமிநாதன், “அம்மாவுக்கு டீ வாங்கிக் குடுக்குறதே நான்தான்,” என்று சொல்லி உள்ளே வந்து ஒரு மூடி குடித்தான். மிச்சம் நான் ஒருவன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என் முழங்கால்கள் மேல் பிரியம் உண்டு, தலைமுடி மேலும் உண்டு. குடித்தேன். வேப்பெண்ணெய் தேவலை.

அன்று மாலையே ஜான்சிராணி நேரில் போய் ‘மருத்துவ டம்ளர்’ போர்டை இறக்கினார். நானும் போயிருந்தேன். சோலைமலை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நானும் அந்த மருந்தைக் குடிக்கணுமாம்மா? நாள் முழுக்க அடுப்புப் புகையில நிக்கிறவன் நான்.”

“அது உங்க விருப்பம் சோலைமலை. குடிச்சா, நோயாளிக இங்க நம்பிக் குடிக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொல்லுவாங்க. குடிக்காட்டி வேண்டாம். ஆணி மட்டும் இருக்கக்கூடாது.”

அவர் குடிக்கவில்லை. ஆணியைப் பிடுங்கினார், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்கள் அந்த விலக்கில் நிற்கும். நோயாளிகளும் கூட வருகிறவர்களும் அடுத்த ஊரில், மருந்து குடித்திருந்த ஒருவரின் கடைக்குப் போய் இறங்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் சோலைமலையும் அவர் சம்சாரமும் எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் வந்து மருந்து கேட்டு நின்றார்கள். மனம் திருந்தினார் என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். வியாபாரி வியாபாரத்துக்காகக் குடித்தார். எனக்கு அது போதும்.

ஆறு வாரம் லேசாகப் போகவில்லை. ஜான்சிராணிக்குத் தொண்டை வெந்து குரல் அடியோடு நின்றது. டீயை ஆறவைத்து, சொட்டுச் சொட்டாக விழுங்கினார். ஆனாலும் ஒரு ஊர் விடாமல் போனார். போகிற இடத்தில் கொடுத்ததைக் குடித்தார். அவருக்காக மருந்து குடித்தவர்கள் ஊருக்கு ஒரு வீடாவது இருந்தார்கள், சில ஊரில் ஒரு தெருவே குடித்தது. அத்தனை பேரும் இருமினார்கள். எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, மீசை நரைத்தது. என் மனைவி என்னை அடையாளம் தெரியாத மாதிரி நடித்துச் சிரித்தாள்.

மேடத்துக்குத்தான் மோசம். நாலாவது வாரம் மூச்சுத் திணறி எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைத்தோம். ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தார். “காவக்காரன் இருக்குற தயிர் ஒரு ஸ்பூன், எல்லாம் சரியாப் போயிரும், பிடிவாதம் பண்ணாதீங்க,” என்று நான் கெஞ்சினேன். முகமூடிக்குள்ளிருந்து, “அந்தம்மா முடிக்கட்டும்,” என்றார். ஜான்சிராணி கதிர் வாங்கிக்கொண்டு தினமும் நேரே அந்தக் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார். ஒருவருக்குக் குரல் இல்லை, ஒருவருக்கு மூச்சு இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். இரண்டு பேரையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று அந்த நாட்களில் நான் பயந்தது கொஞ்சநஞ்சமில்லை.

மேடம் மெல்லத் தேறினார். ஜான்சிராணியின் கட்டி கரைந்தது. கடைசி ஸ்கேனை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கட்டி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. தவமணி என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். உடற்பயிற்சி ஆசிரியரிடம் அகப்பட்டால் விலா எலும்புக்கு உத்தரவாதம் இல்லை.

சிகிச்சை முடிந்த நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் காவக்காரனைத் திரும்ப மாத்திரையாகக் கொடுப்போம். ஜான்சிராணிக்கும் கொடுத்தோம். அவன் நன்றாக வேர் பிடித்துவிட்டான் என்று பரிசோதனை சொல்லும் வரை மற்றவர்கள் பொறுத்திருப்பது என்று ஏற்பாடு. அந்த முடிவு வந்த அன்று எல்லாருமாக ஜீப்பில் கிளம்பினோம். மேடம் இருமிக்கொண்டே முன்சீட்டில் ஏறினார். ஓடைக்கரை விலக்கில் ஜான்சிராணி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

உச்சி வெயில். கடையில் வேறு யாரும் இல்லை. சோலைமலை அடுப்புக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

“வாங்கம்மா. நல்லாயிட்டீகளா?” என்றவர் என்னைப் பார்த்ததும் அவசரமாகக் கேட்டார். “சார், ஆஸ்பத்திரியில இனிமே நீங்க அவனைத் திரும்ப ஏத்திக்கிடலாம்னு சொல்லிட்டாங்க, மாத்திரை மட்டும் நோயாளிக்குத்தானாம். புகை தாங்கல சார். எனக்கு எப்படி வருவான்?”

“அதுக்கு மாத்திரை எதுக்கு? அவன் இருக்குற ஒருத்தர் குடிச்ச டம்ளர்ல குடிங்க. வந்துருவான்.”

“யாருகிட்ட இருக்கான்?” அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “உங்ககிட்ட?”

“எங்கிட்ட இல்ல. மேடத்துகிட்ட இல்ல. இந்தா நிக்கிறாங்களே, இவங்க யாருகிட்டயும் இல்ல. எல்லாரும் குடிச்சுத் தொலைச்சிட்டோம்.”

சொல்லிக்கொண்டு வரும்போதுதான் எனக்கே உறைத்தது. எல்லாருமாகத் திரும்பி ஜான்சிராணியைப் பார்த்தோம். அவர் முதலில் விழித்தார். பிறகு அந்தப் புண்ணான தொண்டையால் சிரித்தார் பாருங்கள், புளியமரத்துக் காக்கை பறந்தது.

“ஒரு டீ போடுங்க சோலைமலை. பெரிய டம்ளர்ல.”

டீ வந்தது. ஜான்சிராணி ஊதி ஊதி ஒரு வாய் குடித்தார். மேடத்திடம் நீட்டினார். மேடம் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நான் குடித்தேன், தவமணி குடித்தார், பூமிநாதன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிக் குடித்தான். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த டம்ளரை ஜான்சிராணி பெஞ்சின்மேல் வைத்தார்.

“உங்களுக்கு அவசரம் இல்லேன்னா சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சோலைமலை. உங்க ஆளுக யாராவது டீ குடிக்க வருவாங்க. அவங்க மிச்சத்தைக் குடிச்சாலும் வந்துருவான்.” குரலில் குத்தல் இல்லை. உள்ளபடியே வழி சொன்னார்.

சோலைமலை ரோட்டைப் பார்த்தார். ஒரு ஆள் வரவில்லை. டம்ளரைப் பார்த்தார். இருமல் வந்து அவரைக் குலுக்கியது. அது அடங்கினபின் வெளியே வந்து டம்ளரை எடுத்தார். தலையை நிமிர்த்தி, உதட்டில் படாமல் தூக்கிப் பிடித்து அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போனார்.

“அண்ணாந்து குடிச்சா அவன் வர மாட்டான்,” என்றேன். “வாய் வச்சுக் குடிக்கணும்.”

டம்ளர் அந்தரத்தில் நின்றது. அவர் மேடத்தைத் திரும்பிப் பார்த்தார், உண்மையா என்று கேட்கிற பார்வை. எப்படிக் குடித்தாலும் காவக்காரன் வந்துவிடுவான் என்பது எனக்குத் தெரியும். அவனை உருவாக்கியவருக்குத் தெரியாதா? மேடம் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு, “டாக்டர் சொல்றது சரிதான்,” என்றார்.

சோலைமலை டம்ளரை இறக்கி, விளிம்பை உதட்டில் வைத்துக் குடித்தார்.